பழைய குடும்பப் படங்களும் "600 டிபிஐ" மந்திரமும்

வீட்டில் இருக்கிற பழைய ஆல்பத்தை ஸ்கேன் பண்ணணும் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். உடனே ஒரு பதில் வந்து விழும்: "600 டிபிஐ வை, டிஃப்பா சேவ் பண்ணு." யூட்யூப் காணொளிகளிலும் தொழில்நுட்பக் குழுக்களிலும் கொஞ்சம் முன்னே பின்னே இதே வாசகம்தான் ஓடுகிறது. இதற்கு நேர் எதிரான இன்னொரு பதிலும் உண்டு: "அதெல்லாம் எதுக்கு? போன்ல ஒரு கிளிக், குரூப்ல போட்டா வேலை முடிஞ்சுது."

முதல் ஆள் ஃபைல் அளவைப் பற்றிக் கவலையே படுவதில்லை. இரண்டாவது ஆள் தரத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஒருத்தருக்கொருத்தர் எதிரி மாதிரி தெரிந்தாலும் இரண்டு பேரும் செய்கிற தவறு ஒன்றுதான். கையில் இருக்கிற படத்தைப் பார்க்காமலே பதில் சொல்லிவிடுகிறார்கள். இந்தக் குறிப்பில் அந்த இரண்டு பதில்களையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

மந்திரம் எங்கிருந்து வந்தது?

600 டிபிஐ, டிஃப் என்பது ஆவணக் காப்பகங்களின் பழக்கம். அவர்களுக்கு அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஒரு உதாரணம் நம் ஊரிலேயே உண்டு. தமிழ்நாட்டுப் பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் படங்களை பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் டிஜிட்டல் ஆக்கியது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ் நடந்த வேலை அது. இப்படிப்பட்ட திட்டங்களில் மூலப்படம் காப்பகத்தின் கையில் இருக்காது. ஸ்டுடியோக்காரர் வீட்டிலோ, ஏதோ ஒரு குடும்பத்தின் பரணிலோதான் இருக்கும். இன்னொரு முறை போய் ஸ்கேன் பண்ண வாய்ப்பு கிடைக்குமா என்பதே சந்தேகம். நாளைக்கு எந்த ஆய்வாளர் எதைத் தேடுவார் என்றும் தெரியாது. முகத்தைத் தேடலாம், புடவைக் கரையைத் தேடலாம், பின்னால் தொங்குகிற வரைந்த திரைச்சீலையைத் தேடலாம். அதனால் முடிந்த அளவு எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறார்கள். அதைப் பாதுகாக்க ஆள், சர்வர், பட்ஜெட் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது.

நம் வீட்டில் நிலைமை வேறு. ஆல்பம் நம் அலமாரியிலேயே இருக்கிறது. ஒரு படம் சரியாக வரவில்லை என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி எடுக்கலாம். ஆனால் சர்வரும் கிடையாது, ஆளும் கிடையாது. ஒரு பழைய லேப்டாப், ஒரு பென் டிரைவ், இலவசமாகக் கிடைத்த கிளவுட் இடம், இவ்வளவுதான். காப்பகத்தின் விதியை அதன் வசதிகள் இல்லாமல் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கணக்கு

வழக்கமான 6×4 அங்குல படம். 600 டிபிஐ என்றால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 600 புள்ளிகள். ஆக 3600×2400, கிட்டத்தட்ட 86 லட்சம் பிக்சல். ஒரு பிக்சலுக்கு மூன்று பைட் வீதம் சுருக்காத டிஃப் சுமார் 26 எம்பி வரும். 300 டிபிஐ என்றால் பாதி இல்லை, கால் பங்கு, அதாவது 6.5 எம்பி. 1200 என்றால் நாலு மடங்கு, 104 எம்பி. டிபிஐ இரண்டு மடங்கு ஆனால் ஃபைல் நாலு மடங்கு ஆகும் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

ஒரு சராசரி வீட்டில் 500 படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 26 எம்பி வீதம் 13 ஜிபி. "இவ்வளவுதானா? இப்போ ஒரு டெரா பைட் டிஸ்க்கே சல்லிசா கிடைக்குதே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு இடத்தில் வைக்க 13 ஜிபி பெரிய விஷயம் இல்லை. ஆனால் ஒரே இடத்தில் இருக்கிற ஃபைல் பாதுகாப்பான ஃபைல் இல்லை. குறைந்தது மூன்று பிரதிகள் வேண்டும், அதில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். கூகிளின் இலவச இடம் 15 ஜிபி. அதிலேயே உங்கள் ஜிமெயிலும் உட்கார்ந்திருக்கிறது. 2021 ஜூன் 1 வரை கூகிள் போட்டோஸில் சுருக்கிய படங்களுக்குக் கணக்கே கிடையாது. அந்தத் தேதியிலிருந்து ஏற்றுகிற படங்கள் 15 ஜிபி கணக்கில் சேர்கின்றன. துபாயில் இருக்கிற சித்தப்பா மகனுக்கும் கோவையில் இருக்கிற அத்தை வீட்டுக்கும் 13 ஜிபியை அனுப்புவது எப்படி என்று யோசிக்கும்போதே "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தோன்றிவிடும். அந்த அப்புறம் பெரும்பாலும் வருவதில்லை.

இதே 500 படம், கவனமாக வைத்த ஜேபெக்காக இருந்தால் ஒன்றரை ஜிபி சுற்றளவில் முடிந்துவிடும். நாலு வீட்டில் நாலு பிரதி சுலபமாகப் போய்ச் சேரும். ஆக, ஃபைல் அளவு என்பது டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்கிற சிக்கனக் கணக்கு மட்டும் இல்லை. எத்தனை பேர் கையில் படம் இருக்கப்போகிறது, ஒரு டிஸ்க் செத்தால் படம் பிழைக்குமா என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது. "தரம்தான் முக்கியம், அளவைப் பார்க்காதே" என்பவர்கள் விட்டுவிடுகிற இடம் இது.

காகிதத்தில் இருப்பது எவ்வளவு?

அடுத்த கேள்வி, 600 டிபிஐ-யில் உண்மையிலேயே கூடுதலாக என்ன கிடைக்கிறது? ஒரு கறுப்புக் கோடு, ஒரு வெள்ளைக் கோடு என்று மாறி மாறி இருப்பதைப் பிரித்துக் காட்ட குறைந்தது இரண்டு புள்ளிகள் வேண்டும். அப்படிப் பார்த்தால் 300 டிபிஐ, ஒரு மில்லிமீட்டருக்குள் ஆறு கோட்டு ஜோடிகள் வரை பிடித்துவிடும். தொண்ணூறுகளில் லேபில் கொடுத்துக் கழுவிய சாதாரண கலர் பிரிண்டுகளில் அதற்கு மேல் நுணுக்கம் பெரும்பாலும் இருக்காது. 2000-க்குப் பிறகு பரவலான டிஜிட்டல் லேப் எந்திரங்கள் அங்குலத்துக்குச் சுமார் 300 புள்ளி வீதம்தான் காகிதத்தில் ஒளியால் எழுதின. அந்தப் படத்தை 600-ல் ஸ்கேன் பண்ணினால் கிடைப்பது காகிதத்தின் சொரசொரப்பும் தூசியும்தான்.

சொரசொரப்பு என்றதும் இன்னொன்று. எழுபது, எண்பதுகளின் பிரிண்டுகள் பலவற்றில் தேன்கூடு மாதிரியோ பட்டுத் துணி மாதிரியோ புடைப்பு வேலைப்பாடு இருக்கும். ஸ்கேனரின் விளக்கு பக்கவாட்டில் விழுவதால் ஒவ்வொரு புடைப்பும் ஒரு வெள்ளைப் புள்ளியாகப் பதிவாகும். டிபிஐ-யை ஏற்ற ஏற்ற அந்தப் புள்ளிகள்தான் தெளிவாகும், முகம் தெளிவாகாது. ஆனால் ஃபைல் பெருத்துக்கொண்டே போகும். பெரிய ஃபைல் என்றால் அதிகத் தகவல் என்று நினைக்கிறோம். அது படத்தைப் பற்றிய தகவலா, காகிதத்தைப் பற்றிய தகவலா என்று கேட்பதில்லை.

எல்லாப் படமும் இப்படியா என்றால் இல்லை. பெரிய நெகட்டிவை நேரடியாகக் காகிதத்தின் மேல் வைத்து எடுத்த பழைய கான்டாக்ட் பிரிண்டுகள் ஆச்சரியமான நுணுக்கத்தோடு இருக்கும். அக்ஃபா கிளிக் 3 மாதிரியான பெட்டிக் கேமராவில் 120 பிலிம் போட்டு எடுத்த சதுரப் படங்கள், உள்ளங்கைக்குள் அடங்குகிற 6×6 செ.மீ. பிரிண்டுகளாகப் பல வீடுகளில் கிடக்கின்றன. அந்தக் கேமராவின் லென்ஸ் சாதாரணம்தான். ஆனாலும் படம் சின்னது என்பதால் 600 கொடுப்பதில் அர்த்தம் உண்டு. பழைய ஸ்டுடியோ படம் என்றால் கண்டிப்பாகக் கொடுக்கலாம். நெகட்டிவ் மேலேயே பென்சிலால் முகத்தைத் திருத்தியிருப்பார்கள். அந்தக் கைவேலைகூட சில சமயம் தெரியவரும்.

முகத்தை வைத்து அளப்போம்

டிபிஐ என்பது ஒரு விகிதம்தான், தரத்தின் பெயர் இல்லை. காகிதத்தின் அளவைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்தப் படத்தில் அடையாளம் தெரிய வேண்டிய மிகச் சின்ன முகத்தை வைத்து முடிவு செய்யலாம் என்பது என் யோசனை.

பள்ளிக்கூட குரூப் போட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 60 பேர் இருப்பார்கள், பின்வரிசையில் ஒரு முகம் 8 மி.மீ. அகலம் இருக்கலாம். 150 டிபிஐ-யில் அது 47 பிக்சல். யார் என்று சொல்வது கஷ்டம். 300-ல் 94 பிக்சல், தெரிந்தவர்களுக்குத் தெரியும். 600-ல் 189, தனியாக வெட்டி எடுத்துக் காட்டலாம். இங்கே 600 வேண்டும், அதற்காக வருகிற பெரிய ஃபைலும் நியாயம். அதுவே கல்யாணத்தில் மேடையில் நிற்கிற இரண்டு பேர் படம், முகம் 2 செ.மீ. இருக்கிறது என்றால் 300-லேயே 236 பிக்சல் கிடைத்துவிடும்.

இன்னொரு வகை, பாஸ்போர்ட் சைஸ் படம். பாட்டிக்கு வாழ்நாள் முழுக்க எடுத்தது அந்த ஒரு படம்தான் என்கிற வீடுகள் நம்மிடம் ஏராளம். அதைத்தான் பெரிதாக்கி மாலை போட்டு மாட்டுவோம். 3.5×4.5 செ.மீ. படத்தை 1200 டிபிஐ-யில் எடுத்தாலும் 1650×2130 பிக்சல், சுருக்காமலே 10 எம்பி சுற்றளவுதான். காகிதத்தில் இல்லாத நுணுக்கத்தை 1200 உண்டாக்காது. ஆனால் பெரிதாக்கும்போது கையாள வசதியாக இருக்கும், செலவும் குறைவு. கவனித்தீர்களா? ஒரே வீட்டில், ஒரே பெட்டியில் 300, 600, 1200 மூன்றும் சரியாக இருக்கிறது. மந்திரம் உதவாமல் போவது இதனால்தான்.

ஸ்கேனர் பெட்டியில் எழுதியிருக்கிற 4800, 6400 என்கிற எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். பிரிண்டுகளுக்கு அது தேவையே இல்லை. எண்ணைவிடக் கவனிக்க வேண்டியது சென்சார் வகை. மெல்லிய, லேசான ஸ்கேனர்களில் இருக்கிற சிஐஎஸ் வகை, கண்ணாடியில் ஒட்டிப் படுத்திருக்கிற படத்தைத்தான் கூர்மையாகக் காட்டும். அட்டையில் ஒட்டி வளைந்துபோன ஸ்டுடியோ படம் என்றால் ஓரம் மங்கலாகிவிடும். கொஞ்சம் கனமான சிசிடி வகை அதைத் தாங்கும். வளைந்த அட்டையை அமுக்கி உடைப்பதைவிட அதை மேலிருந்து கேமராவில் எடுப்பது எவ்வளவோ மேல்.

ஜேபெக் மேல் இருக்கிற பயம்

"ஜேபெக்கைத் திறந்து மூடினாலே தரம் குறையும்" என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. அப்படி எதுவும் இல்லை. திறந்து பார்ப்பதாலோ, காப்பி எடுப்பதாலோ ஒரு பைட்கூட மாறாது. திருத்தி மறுபடி சேவ் பண்ணும்போதுதான் மறுபடி சுருக்கம் நடக்கிறது, அப்போதுதான் இழப்பு. அதனால் ஸ்கேனரிலிருந்து வந்த ஃபைலைத் தொடாமல் வைத்துவிட்டு, திருத்தம் எல்லாம் பிரதியில் செய்தால் போதும்.

ஜேபெக் 1992-ல் தரநிலையானது. படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண் அதிகம் கவனிக்காத மெல்லிய ஏற்ற இறக்கங்களைத் தோராயமாக்கிவிடுகிறது. எவ்வளவு தோராயம் என்பதைத்தான் "குவாலிட்டி" எண் சொல்கிறது. இந்த எண் சதவீதம் இல்லை. ஒரு மென்பொருளின் 80, இன்னொன்றின் 80 ஆகாது. ஃபோட்டோஷாப் 12 வரை எண்ணும். பல மென்பொருட்களுக்கு அடிப்படையான ஐஜேஜி குழுவின் நிரலில் வழக்கமான மதிப்பு 75. சாதாரண உபயோகத்துக்கு 95-க்கு மேல் போக வேண்டாம் என்று அதன் கையேடே சொல்கிறது. அதற்கு மேல் ஃபைல் வீங்கும், கண்ணுக்கு வித்தியாசம் கிடைப்பது அரிது. "100-ல வச்சேன்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளலாம். 90-லிருந்து 95-க்குள் வைத்தால் நம் 6×4 படம் 600 டிபிஐ-யிலும் பெரும்பாலும் சில எம்பி-யில் அடங்கும்.

கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலர் ஸ்கேனாகவே எடுங்கள். அறுபது, எழுபது வருஷப் படம் உண்மையில் கறுப்பு வெள்ளையாக இருக்காது. பழுப்பு ஏறியிருக்கும், கறை இருக்கும், கறுப்புப் பகுதியில் வெள்ளி மேலே வந்து நீலமாக மினுங்கும். எது படம், எது கறை என்று பிரித்துப் பார்க்க அந்த நிறம்தான் பிற்பாடு உதவும். டிஃப்பில் இது மூன்று மடங்கு இடம் கேட்கும். ஜேபெக்கில் நிற வேறுபாடு குறைவாக இருப்பதால் அளவு கொஞ்சம்தான் கூடும்.

மங்கிய படத்துக்குத்தான் பெரிய ஃபைல்

நாம் எல்லோரும் தலைகீழாகச் செய்கிற இடம் இது. பளிச்சென்று இருக்கிற படத்தை உயர்ந்த தரத்தில் வைப்போம். சிவந்து, வெளிறி, யார் என்றே தெரியாத கலர் படத்தை "இதுல என்ன இருக்கு" என்று சின்னதாக வைப்போம். தேவை இதற்கு எதிர்.

எழுபது, எண்பதுகளின் கலர் பிரிண்டுகள் இருட்டில் வைத்தாலும் மங்கும், ஏனென்றால் அதில் இருப்பது சாயம். நீலப்பச்சைச் சாயம் முதலில் போய், படம் முழுக்கச் சிவந்துவிடும். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் "இந்து" பிலிமில் எடுத்த அதே காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் பல வீடுகளில் இன்றைக்கும் நன்றாக இருக்கிறதே என்றால், அதன் பிரிண்டில் இருப்பது வெள்ளி. மங்கிய கலர் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகளில் ஒரு 70, 80 படிகள்தான் மிச்சம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சரிசெய்ய மூன்று மடங்கு இழுக்க வேண்டும். அப்படி இழுக்கும்போது ஜேபெக்கின் கட்டங்களும் சேர்ந்து மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும், வானம் பட்டை பட்டையாகப் பிரியும். இந்தப் படங்களைத்தான் நிறத்துக்கு 16 பிட் வீதம் டிஃப்பாக எடுக்க வேண்டும். ஒன்று 52 எம்பி வந்தாலும் பரவாயில்லை. இவை வருஷா வருஷம் இன்னும் மங்கும் என்பதால் முதலில் ஸ்கேன் பண்ண வேண்டியதும் இவைதான்.

எதிர்முனையில் இருப்பவர்களுக்கு

"போன் போதும்" என்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை. 12 மெகாபிக்சல் கேமராவில் ஒரு 6×4 படத்தைச் சட்டம் நிறைய எடுத்தால் பிக்சல் கணக்கில் 600 டிபிஐ-க்கே சமமாக வரும். பிரச்சினை பிக்சலில் இல்லை. மின்விளக்கின் பளபளப்பு, கோணல், போன் தானாகவே போடுகிற கூர்மை, இதெல்லாம்தான் படத்தைக் கெடுக்கிறது. ஜன்னல் ஓரத்து நிழல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுத்தால் பல படங்களுக்கு அது போதும். உறவினர் வீட்டில் அரை மணி நேரம்தான் கிடைக்கும், ஆல்பத்தை வெளியே தர மாட்டார்கள் என்கிறபோது போன்தான் ஒரே வழி. ஒட்டும் பக்கங்கள் உள்ள ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்க முடியாதபோதும் அதேதான்.

ஆனால் வாட்ஸப் குரூப்பைக் காப்பகமாக நினைப்பது வேறு விஷயம். அது வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 2023 ஆகஸ்டில் எச்டி வசதி வந்தபின்பும் அப்படியே மூல ஃபைல் போவதில்லை. டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் உள்ளது உள்ளபடி போகும். ஒருத்தர் அனுப்பி, இன்னொருத்தர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மூன்றாவது ஆள் அதற்குப் பூ வைத்துத் திரும்ப அனுப்பியதும் வந்து சேர்வது வேறு படம்.

அதன் மேல் இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு. 50 பிக்சல் முகத்தைக் கொடுத்தால் கண்ணிமை தெரிகிற முகமாகத் திருப்பித் தருகிறது. அந்தக் கண்ணிமை தாத்தாவுடையது இல்லை. ஆயிரக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட யூகம். மாட்டி வைக்க ஆசைப்பட்டால் மாட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மூலப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம் "பேரனுக்குத் தாத்தா மூக்கு" என்று சொல்லும்போது எந்த மூக்கு என்று தெரியாது.

கோடாக் சொல்லும் பாடம்

அளவும் தரமும் என்கிற இந்தச் சண்டைக்குப் புத்திசாலித்தனமான தீர்வு ஒன்று 1992-லேயே வந்தது. கோடாக்கின் போட்டோ சிடி. ஒரே ஃபைலுக்குள் ஐந்து அளவுகள், 192×128-லிருந்து 3072×2048 வரை. டிவியில் பார்க்கச் சின்னது, அச்சடிக்கப் பெரியது. ஒரு தட்டில் சுமார் 100 படம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அருமையான வேலை. ஆனால் அது கோடாக்குக்கு மட்டுமே சொந்தமான வடிவம். கோடாக் கைவிட்டதும் அந்தத் தட்டை வைத்திருந்தவர்கள், அதைத் திறக்க மென்பொருள் தேடி அலைய வேண்டியதாயிற்று. அதே வருஷத்து ஜேபெக் இன்றைக்கும் எந்த போனிலும் திறக்கிறது. புதுப்புது வடிவங்கள் இன்னும் சின்னதாகச் சுருக்குகின்றன என்பது உண்மைதான். ஆனால் குடும்பப் படத்துக்கு, பாதி இடம் மிச்சம் என்பதைவிட எங்கேயும் திறக்கும் என்பது பெரிய லாபம்.

பின்பக்கம்

இந்த வாதங்களில் யாருமே பேசாத ஒன்று படத்தின் பின்பக்கம். ஸ்டுடியோ முத்திரை, "1968 தை, பெரியவன் காதுகுத்து" என்கிற மாதிரி பென்சில் எழுத்து, லேப் அச்சடித்த தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். எழுத்துக்கு 200 டிபிஐ போதும், அரை எம்பி-கூட வராது. முன்பக்கத்தை 26 எம்பி-க்கு எடுத்துவிட்டு இதை விட்டுவிடுகிறோம். ஃபைல் பெயரிலேயே வருஷம், இடம், இடமிருந்து வலமாகப் பெயர்கள் என்று எழுதினால் அதற்கு ஆகும் இடம் சில டஜன் பைட். சுருக்கத்தால் ஒரு முகம் காணாமல் போவதைவிட, அது யார் என்று சொல்ல ஆள் இல்லாமல் காணாமல் போவதுதான் அதிகம். 500 படத்தை 600 டிபிஐ-யில் ஓட்டுகிற நேரத்தில் பாதியை, வீட்டிலுள்ள பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து "இது யாரு?" என்று கேட்கச் செலவழிக்கலாம்.

சரி, அப்போ என்னதான் பண்றது?

500 படத்தில் மங்கிய கலர் படங்கள், முக்கியமான பழைய ஸ்டுடியோ படங்கள் என்று ஒரு 40-ஐப் பிரித்தெடுங்கள். அவை டிஃப்: ஒன்றுக்கு 26-லிருந்து 52 எம்பி வீதம் அதிகபட்சம் 2 ஜிபி. மிச்சம் 460, முகத்தின் அளவைப் பார்த்து 300 அல்லது 600 டிபிஐ, 90-க்கு மேல் ஜேபெக்: சுமார் ஒன்றரை ஜிபி. எழுத்து இருக்கிற பின்பக்கங்கள் 200 என்றாலும் 100 எம்பி. மொத்தம் 4 ஜிபி-க்குள். ஒரு சின்ன பென் டிரைவில் அடங்கும், இலவச கிளவுடிலும் அடங்கும், தங்கை வீட்டுக்கும் ஒன்று கொடுத்துவிடலாம். மூலப்படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதைவிடப் பெரிய ஃபைல் எதுவும் இல்லை.

நெகட்டிவ் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அங்கே 300-ம் 600-ம் போதாது. அதைத் தனியாக எழுத வேண்டும், அடுத்த குறிப்பில் பார்க்கலாம்.